நிப்பிசிங் ஏரியில் ஜூன் கடைசியில் பிக்கரல்: என்ன இரை, என்ன தூண்டில், எவ்வளவு கொண்டு வரலாம்?

புதுத்தூண்டில் எழுதியது:

வணக்கம். ஜூன் கடைசிக் கிழமை நிப்பிசிங் ஏரியில், கலண்டர் விரிகுடாப் பக்கம் நாலு நாளுக்கு கொட்டேஜ் எடுத்திருக்கிறம். பெரியாக்கள் ரெண்டு பேர், 9 வயதும் 13 வயதும் பிள்ளைகள் ரெண்டு. கொட்டேஜோட 14 அடி அலுமினியப் படகும் 9.9 குதிரைவலு மோட்டரும் தருவினம். சிம்கோ ஏரியில கரையில நிண்டு பேர்ச் எண்ட சின்ன மீன் பிடிக்கத் தெரியும், பிக்கரல் மீன் (வால்ஐ எண்டும் சொல்லுவினம்) புதுசு.

கேள்விகள்: (1) ஸ்காபரோவில இருந்தே மின்னோ (சின்ன இரை மீன்) வாங்கிக்கொண்டு போகலாமோ? (2) எங்களிட்ட இருக்கிறது 6 அடி 6 அங்குல மீடியம் றொட், 2500 அளவு றீல், 12 றாத்தல் தங்கூசி. இது காணுமோ? (3) அந்தக் காலத்தில மீன் எந்த ஆழத்தில நிக்கும்? (4) ஆளுக்கு எத்தனை மீன் வைத்திருக்கலாம்? இணையத்தில ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொல்லுகினம்.

---

வடக்குவாடை பதில்:

நாலாவது கேள்வியில இருந்து தொடங்குறன். கணக்கில குழப்பம் வாறதுக்குக் காரணம் இருக்கு.

நிப்பிசிங் ஏரி ஒன்ராறியோவின் 11 ஆம் மீன்வள வலயத்துக்குள்ள வருது. ஆனால் வலயத்துக்குரிய பொது விதி இந்த ஏரிக்குப் பொருந்தாது. விதிப் புத்தகத்தில 11 ஆம் வலயப் பகுதியைத் திறந்தால் முதல்ல பொது அட்டவணை, அதுக்குக் கீழ "விதிவிலக்கான நீர்நிலைகள்" எண்டு ஒரு நீளப் பட்டியல் இருக்கும். அதில நிப்பிசிங் தனியா இருக்கு. கனபேர் முதல் அட்டவணையோட புத்தகத்தை மூடிவிடுகினம். அங்க "பிக்கரல்" எண்டு தேடினாலும் கிடைக்காது, "வால்ஐ" எண்டுதான் அச்சடிச்சிருக்கும்.

2014 இல் இந்த ஏரிக்கு 46 செ.மீ. குறைந்தபட்ச நீளம் கொண்டு வந்தவை. அதுக்குக் கீழ பிடிபடுற ஒவ்வொண்டையும் உடனே தண்ணியில விட வேணும். ரத்தம் வருது, பிழைக்காது எண்டு தெரிஞ்சாலும் வைத்திருக்க ஏலாது. எண்ணிக்கை முழு விளையாட்டு (ஸ்போர்ட்) உரிமத்துக்கு ரெண்டு, பாதுகாப்பு (கொன்சர்வேஷன்) உரிமத்துக்கு அதைவிடக் குறைவு. விதிகள் இடைக்கிடை மாறும். அதனால புறப்படுற கிழமை மாகாண அரசின் இணையப் பதிப்பில அந்த ஒரு வரியைப் பாருங்கோ. போன வருசம் அச்சடிச்ச புத்தகத்தை நம்ப வேண்டாம்.

நாலு நாள் எண்டால் ஆளுக்கு எட்டு மீன் எண்டு கணக்குப் போட வேண்டாம். கைவசம் வைத்திருக்கிற எல்லையும் ஒரு நாள் எல்லையும் ஒண்டுதான். கூலரில, கொட்டேஜ் பிரிட்ஜில, வீட்டு பிரீசரில இருக்கிறது எல்லாம் சேர்த்துத்தான் அந்த எண்ணிக்கை. அங்கேயே சமைச்சுச் சாப்பிட்டது கைவசக் கணக்கில வராது, அன்றைய நாள் கணக்கில வரும்.

உரிமம்: 18 தொடக்கம் 64 வயது வரை அவுட்டோர்ஸ் கார்டும் மீன்பிடி உரிமமும் வேணும். பிள்ளைகளுக்குத் தேவையில்லை, ஆனால் அவைக்கு முழு உரிமக்காரருக்குரிய எல்லை உண்டு. நீங்கள் போற நாட்கள் குடும்ப மீன்பிடி வாரத்துக்குள்ள விழக்கூடும். அது ஜூன் கடைசி, ஜூலை முதல் நாட்களில வரும். அப்ப கனடாவில வசிக்கிற எவரும் உரிமம் இல்லாமல், அரசாங்க அடையாள அட்டையோட பிடிக்கலாம். ஆனால் அந்த வாரத்தில இலவசமாப் பிடிக்கிறவருக்குப் பாதுகாப்பு உரிமத்தின் சின்ன எல்லைதான். வருச உரிமம் ஏற்கனவே இருந்தால் அதையே பாவியுங்கோ.

திறந்த தண்ணியில ஆளுக்கு ஒரு தூண்டில். பிள்ளையின் தூண்டிலைப் பிள்ளைதான் பிடிக்க வேணும். "நாலு பேர், நாலு றொட்" எண்டு அப்பா ஒராளே நாலையும் பார்த்துக்கொண்டிருந்தால் அதிகாரி அதை அப்பிடி எண்ண மாட்டார்.

மின்னோ: கொண்டு போக வேண்டாம். 2022 ஜனவரியில இருந்து ஒன்ராறியோ நாலு இரை வலயமாப் பிரிஞ்சிருக்கு. மின்னோ மாதிரி இரை மீனையும் இரையாப் பாவிக்கிற நீர் அட்டையையும் ஒரு வலயத்தில இருந்து இன்னொண்டுக்குக் கடத்த ஏலாது, உயிரோட எண்டாலும் செத்தது எண்டாலும். அங்க போய், அங்கத்தைய கடையில வாங்குங்கோ. பற்றுச்சீட்டை எறிய வேண்டாம். சொந்த வலயத்துக்கு வெளியில வாங்கின இரைக்குப் பற்றுச்சீட்டு கையில இருக்க வேணும், ரெண்டு கிழமைக்குள்ள பாவிச்சோ அழிச்சோ முடிக்க வேணும். மண்புழுவுக்கு இந்த வலயத் தடை இல்லை. டியூ வேர்ம் எண்டு விக்கிற பெரிய புழுவை இங்கயே வாங்கலாம்.

மிஞ்சின இரையையோ வாளித் தண்ணியையோ ஏரியில ஊத்துறது குற்றம். கரையில இருந்து 30 மீட்டருக்குள்ள ஊத்தினாலும் குற்றம். புழுப் பெட்டி மண்ணும் சேர்த்து. குப்பையில கட்டிப் போடுங்கோ.

---

தங்கூசி பதில்:

சட்டம் சொல்லியாச்சு. அந்த 46 செ.மீ. விதியை மனசில வைச்சுத்தான் தூண்டில் தெரிய வேணும். இந்த ஏரியில பிடிபடுற பிக்கரலில பெரும்பங்கு திரும்பிப் போக வேண்டியது. அப்ப மீனின் வாயோரத்தில குத்துற மாதிரி, கெதியாக் கழட்டுற மாதிரி இருக்கிற கொக்கிதான் சரி. மூன்று முனைக் கொக்கி ரெண்டு தொங்குற கிராங்பெயிட் (செயற்கை மீன் இரை), வாலில மேலதிகக் கொக்கி எல்லாத்தையும் இந்தப் பயணத்துக்கு வீட்டில வையுங்கோ.

றொட் காணும். மீடியம் கொஞ்சம் விறைப்பு, மீடியம் லைட் எண்டால் இன்னும் நல்லம், ஆனால் இதுக்காகப் புதுசு வாங்கத் தேவையில்லை. மாத்த வேண்டியது தங்கூசி. 12 றாத்தல் மொத்தம். தண்ணியில அதின் இழுவை கூட, அதனால சின்ன ஜிக் (ஈயத் தலை வைச்ச கொக்கி) நிலத்தைத் தொடாமல் பின்னால மிதந்துகொண்டு வரும், நீங்கள் நிலத்தில இருக்கெண்டு நினைப்பீங்கள். ஒரு றீலில 8 றாத்தல் சாதாரண நைலோன் சுத்துங்கோ. மற்றதில 10 றாத்தல் பின்னல் நூல் சுத்தி, நுனியில 60 தொடக்கம் 90 செ.மீ. வரை 8 றாத்தல் புளோரோகார்பன் கட்டுங்கோ. பின்னல் நூல் நீளாது, கடி உடனே கைக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு நைலோன். அவை வெறிகொண்டு இழுத்தாலும் அது நீண்டு கொடுக்கும், மீனின்ர வாய் கிழியாது.

ஜிக் எடை: 3 மீட்டர் ஆழம், காத்தில்லை எண்டால் அவுன்ஸில எட்டில ஒண்டு. 5, 6 மீட்டர் அல்லது படகு காத்தில அள்ளுப்படுது எண்டால் நாலில ஒண்டு. நிலத்தைத் தொடக்கூடிய ஆகக்குறைந்த எடை எதுவோ அதுதான் சரியான எடை. கூடினால் பாறை இடுக்கில கௌவும், மீன் வாயில எடுத்தவுடன் பாரம் உணர்ந்து துப்பும். இந்த ஏரித் தண்ணி தெளிவில்லை, கொஞ்சம் கலங்கல். மஞ்சள்பச்சை, செம்மஞ்சள் ரெண்டும் வைத்திருங்கோ. வெயில் நேரம் தெளிவான இடம் ஏதும் கண்டால் வெள்ளை. நிறத்துக்காக இதுக்கு மேல காசு செலவழிக்க வேண்டாம்.

புழுவை முழுசாப் போடாதீங்கோ. பாதியா வெட்டி, வெட்டின பக்கத்தைக் கொக்கியில 2 செ.மீ. அளவுக்கு ஏத்தி, மிச்சம் 4, 5 செ.மீ. வாலாத் தொங்க விடுங்கோ. புழு கொக்கித் தண்டில நேரா இருக்க வேணும். உருண்டையாக் குத்தினால் ஜிக் சுழலும், தங்கூசி முறுகும், ரெண்டு மணித்தியாலத்தில றீல் முழுக்கச் சிக்கு.

போடுற விதம்: நிலம் தொட விடுங்கோ, நூல் தளரும். றொட் நுனியை ஒரு 20 செ.மீ. மெல்லத் தூக்கி, நூல் இறுகின நிலையிலேயே திரும்ப இறக்குங்கோ. தளர விட்டு இறக்கினால் கடி தெரியாது, ஏனெண்டால் பிக்கரல் அனேகமா ஜிக் கீழ விழேக்கதான் எடுக்கும். "டப்" எண்டு ஒரு தட்டு அல்லது திடீரெண்டு ஒரு பாரம், அவ்வளவுதான். தொடர்ந்து "டக் டக் டக்" எண்டு கொத்தினால் அது பேர்ச். பாரம் தெரிஞ்சவுடன் நுனியைக் கொஞ்சம் மீன் பக்கம் கொடுத்து, பிறகு ஒரே இழுவையா மேல தூக்குங்கோ.

கொக்கியின் எதிர்முள்ளை இடுக்கியால நசுக்கிவிடுங்கோ. இந்த ஏரியில அது சட்டமில்லை, ஆனால் ஒரு நாளில பத்துச் சின்ன மீனை விட வேண்டி வந்தால் ஏன் எண்டு விளங்கும். நூல் இறுக்கமா இருந்தால் மீன் தப்பாது.

---

கரைவலை பதில்:

தங்கூசி சொன்னதில ஜிக் பற்றி எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஜூன் கடைசி எண்டால் அந்த நேரத்து ஏரியைப் பற்றி ஒண்டு சொல்லாமல் விட்டிட்டார்: ஷாட்பிளை.

ஏரிக்கரை நகரமான நோர்த் பே ஆக்களுக்கு அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜூன் பிற்பகுதியில தொடங்கி ஏரிச் சேத்தில இருந்து பூச்சி கோடிக்கணக்கில எழும்பும். மழைக்கு ஈசல் வாற மாதிரி வெளிச்சத்துக்கு வந்து அப்பும், காலமை பார்த்தால் கடைக் கண்ணாடி, கார், நடைபாதை எல்லாம் மூடிக் கிடக்கும். கடிக்காது, ஆனால் மீன்பிடியைக் குழப்பும். காரணம் இதுதான்: இந்தப் பூச்சியின்ர புழுப்பருவம் மெத்துச் சேத்துக்குள்ள வளை தோண்டி வாழுது. எழும்புற நாட்களில சேத்தை விட்டு மேல நீந்தும். பிக்கரல் பாறைத் திட்டுகளை விட்டிட்டு அந்தச் சேத்து வெளிக்குப் போய், அசையாமல் நிண்டே வயிறு நிரப்பும். அதுக்கு 8 செ.மீ. மின்னோவைத் துரத்த என்ன தேவை? கனபேர் "மீன் கடிக்கேல்லை" எண்டு சொல்லுறது இந்தக் கிழமையில, பாறையில மின்னோ போட்டுக்கொண்டிருக்கேக்க.

அதனால மூண்டு விசயம். இடத்தை மாத்துங்கோ: பாறை முடிஞ்சு சேறு தொடங்குற விளிம்பு, 4 தொடக்கம் 7 மீட்டர். இரையைச் சின்னனாக்குங்கோ: கால் பங்கு புழு அல்லது சின்ன அட்டை. வேகத்தைக் குறையுங்கோ.

இங்கதான் நான் வேர்ம் ஹார்னஸ் (சுழல் தகடும் புழுக் கொக்கியும் உள்ள, படகால மெல்ல இழுக்கிற நூல்) பக்கம். ஜிக் ஒரு இடத்தில நிண்டு தேட நல்லம், சேத்து வெளி ஒரு பெரிய மைதானம். 1 அவுன்ஸ் பொட்டம் பவுன்சர் (நிலத்தைத் தட்டிக்கொண்டு போற கம்பி ஈயம்), அதுக்குப் பின்னால ஏறக்குறைய 1.2 மீட்டர் நூல், 3 ஆம் நம்பர் கொலராடோ பிளேட் (சுழல் தகடு), ஒற்றைக் கொக்கி. ரெண்டு கொக்கி வைச்ச ஹார்னஸ் வாங்கினால் பின்னால உள்ளதை வெட்டுங்கோ. வேகம் மணிக்கு 1.6 கி.மீ., அதிகம் போனால் 2. கைத்தொலைபேசியில ஜி.பி.எஸ். காட்டும். வேகம் குறைஞ்சால் பிளேட் சுத்தாது, கூடினால் பவுன்சர் நிலத்தை விட்டு எழும்பும். நூல் தண்ணிக்குள்ள 45 பாகையில இறங்கினால் சரி. 6 மீட்டருக்குக் கீழ போனால் 1½ அவுன்ஸ்.

9.9 மோட்டரை ஆகக்குறைய விட்டாலும் 14 அடிப் படகு காத்தோட சேர்ந்து 3 கி.மீ. ஓடும். பின்னோக்கிக் கியரில காத்துக்கு எதிரா மெல்லப் போங்கோ, அல்லது முன் கொழுக்கியில ஒரு 20 லீற்றர் வாளியை 3 மீட்டர் கயித்தில கட்டித் தண்ணியில விடுங்கோ. வாளி நிறைஞ்சு இழுக்கும், படகு அடங்கும். காசு கொடுத்து வாங்குற துணிப்பை இன்னும் நல்லா வேலை செய்யும், ஆனால் நாலு நாளுக்கு வாளி காணும்.

நேரம்: பிக்கரல் கண்ணுக்குப் பின்னால ஒளியைத் திருப்பி அனுப்புற ஒரு படலம் இருக்கு. மங்கல் வெளிச்சத்தில அதுக்குப் பார்வை, பேர்ச்சுக்கு இல்லை. விடிய முதல் ரெண்டு மணித்தியாலம், பின்னேரம் கடைசி ரெண்டு மணித்தியாலம். அந்த நாட்களில சூரியன் மறைய 9 மணி தாண்டும். மத்தியானம் அலை அடிக்கிற, மப்பான நாள் எண்டால் அதுவும் நல்ல நேரம். கண்ணாடி மாதிரித் தண்ணி, உச்சி வெயில் எண்டால் பிள்ளைகளை நீந்த விடுங்கோ.

பின்னேரம் ஆழத்தை விட்டு புல் விளிம்புக்கு வாங்கோ. கபேஜ் எண்டு சொல்லுற அகல இலைப் புல் 2 தொடக்கம் 3.5 மீட்டரில நிக்கும். அதின் வெளி ஓரம். உள்ளுக்குப் போட்டால் பைக் எண்ட கூர்ப்பல்லு மீன்தான் வரும், தங்கூசியை வெட்டிக்கொண்டு போகும்.

---

தங்கூசி பதில்:

ஷாட்பிளை விசயம் சரி, ஏத்துக்கொள்ளுறன். ஆனால் ஹார்னஸை முதன்முதலாப் பிக்கரலுக்கு வாற குடும்பத்துக்குச் சொல்லுறது எனக்குச் சம்மதமில்லை. நாலு நூல் ஒரே படகுக்குப் பின்னால 20 மீட்டர் இழுபட்டால் திரும்பேக்க நாலும் ஒண்டாகும். பெரியாக்கள் ரெண்டு பேர் மட்டும், படகுக்கு ரெண்டு பக்கத்தாலும் விடுங்கோ. திரும்பேக்க அகலமாத் திரும்புங்கோ. உள்வளைவில இருக்கிற தூண்டில் வேகம் குறைஞ்சு நிலத்தில படும். அந்தப் பக்கம் இருக்கிறவர் ரெண்டு சுத்து உள்ள எடுக்க வேணும்.

---

புதுத்தூண்டில் எழுதியது:

பெரிய உதவி. சின்னவனுக்கு ஜிக்கும் சரிவராது, இழுவையும் சரிவராது போல கிடக்கு. அவனுக்கு மிதப்பு போடலாமோ? பிக்கரல் நிலத்தோட நிக்கும் எண்டுறியள், மிதப்பு போட்டால் 5 மீட்டர் நூலை எப்பிடி எறியிறது? மற்றது, அந்தப் பூச்சி நாட்களில அட்டை நல்லமோ புழு நல்லமோ?

---

மிதப்பு பதில்:

ஓடும் மிதப்புத்தான் வேணும், சிம்கோவில பாவிக்கிற சிவப்பு வெள்ளை நிலை மிதப்பு இல்லை. கோர்க்கிற ஒழுங்கு இப்பிடி: முதல்ல நூல் முடிச்சு, அதுக்குக் கீழ சின்ன மணி, பிறகு நடுவில ஓட்டை உள்ள மிதப்பு, அதுக்குக் கீழ ஈயம், கடைசியில கொக்கி. முடிச்சு றொட் வளையங்களுக்குள்ளாலும் றீலுக்குள்ளாலும் போய்விடும், மணி போகாது. எறியேக்க மிதப்பு ஈயத்தோட வந்து ஒட்டியிருக்கும், எறியிறது லேசு. தண்ணியில விழுந்தவுடன் ஈயம் கீழ இறங்க, நூல் மிதப்புக்குள்ளால ஓடி, முடிச்சு மணியில முட்டினவுடன் நிக்கும். மணி போடாமல் விட்டால் முடிச்சு மிதப்பு ஓட்டைக்குள்ளாலும் போய், இரை நிலத்தில படுக்கும். புதுசாக் கட்டுறவைக்கு அனேகமா இதுதான் பிழைக்கிறது.

ஆழம் பிடிக்கிறதுக்கு: கொக்கியில ஒரு பாரமான ஈயத்தைக் கொழுவி இறக்குங்கோ. மிதப்பு தாண்டால் முடிச்சை மேல தள்ள வேணும், படுத்துக் கிடந்தால் கீழ இறக்க வேணும். மிதப்பு நிமிர்ந்து, நுனி மட்டும் தெரியிற இடத்தில இருந்து முடிச்சை ஒரு சாண் கீழ இறக்கினால் இரை நிலத்துக்கு மேல 20 செ.மீ. நிக்கும். அதுதான் வேணும். சேத்துக்குள்ள இரை புதைஞ்சால் மீன் காணாது.

கொக்கி 6 ஆம் நம்பர், ஒக்டோபஸ் எண்ட வகை, அட்டை பெரிசெண்டால் 4. அதுக்கு மேல 30 செ.மீ. தள்ளி ரெண்டு சின்னப் பிளவு ஈயம். மிதப்பு நீரில முக்கால்வாசி மூழ்கி நிக்கிற அளவுக்கு ஈயம் போட வேணும். மிதப்பு உயர்ந்து நிண்டால் மீனுக்கு இழுவை தெரியும், விட்டிடும்.

அட்டையா புழுவா எண்டால் மிதப்புக்கு அட்டை. ரெண்டு காரணம். புழுவைச் சின்னப் பேர்ச் ரெண்டு நிமிசத்தில உரிச்சுப்போடும், அட்டை தோல் தடிப்பு, கிழியாது. மற்றது அது தானே நெளிஞ்சு நீந்தும், பிள்ளை ஒண்டும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அட்டையின்ர அகலமான முனையில உறிஞ்சி இருக்கு, கொக்கியை அதுக்குள்ளால குத்துங்கோ. மெல்லிய முனையில குத்தினால் உருண்டு பந்தாகிவிடும். வெயிலில சுருண்டால் வாளித் தண்ணியை மாத்தி, கூலருக்குள்ள வைச்சுக் குளிராக்குங்கோ.

மிதப்பு ஒருக்கா தாண்டு, பிறகு சரிஞ்சு போனால் அது எடுத்தாச்சு. தளர்வை உருட்டி எடுத்து, உடனே தூக்க வேணும். "இன்னும் கொஞ்சம் விழுங்கட்டும்" எண்டு விட்டால் கொக்கி வயித்துக்குள்ள போகும். 35 செ.மீ. மீன் எண்டால் அதைச் சாகக் குடுத்ததுதான் மிச்சம், வைத்திருக்கவும் ஏலாது.

பேர்ச்சைத் தள்ளி விடாதீங்கோ. எல்லை தாராளம், ருசியில பிக்கரலுக்குக் குறைஞ்சதில்லை. பிள்ளைக்கும் கை ஓயாது.

---

வடக்குவாடை பதில்:

விடுகிற மீனைப் பற்றி யாரும் முழுசாச் சொல்லேல்லை. கொக்கி உள்ளுக்குப் போனால் கிண்ட வேண்டாம், வாய்க்குக் கிட்ட நூலை வெட்டி விடுங்கோ. கொக்கியோட விட்ட மீன் பிழைக்கிறதுக்குச் சந்தர்ப்பம் கூட. கையை நனைச்சுப் பிடியுங்கோ, காய்ஞ்ச கை மீனின்ர வழுவழுப்பை உரிச்செடுக்கும். பூவுக்குள்ள (செவுளுக்குள்ள) விரல் விடாதீங்கோ. அளவுப் பலகையை நனைச்சு மடியில வைச்சிருங்கோ, மீன் வந்த பிறகு தேட வேண்டாம்.

ஆழம்: 9 மீட்டருக்குக் கீழ இருந்து தூக்கின பிக்கரலுக்குக் காத்துப்பை வீங்கும், விட்டாலும் மேல மிதந்து சாகும். இந்த ஏரியின்ர சராசரி ஆழம் 4.5 மீட்டர்தான், பிரெஞ்ச் ஆறு வெளியேறுற பக்கத்தில மட்டும் 50 மீட்டரைத் தாண்டும். அங்க போய் ஆழத்தில பிடிச்சு, அளவு காணாததைத் திரும்ப விடுறதில அர்த்தமில்லை. ஆழத்தில பிடிக்கிறதெண்டால் ரெண்டு மீன் வந்தவுடன் நிப்பாட்ட வேணும்.

வெட்டுறது: தண்ணியில வைச்சு வெட்டாதீங்கோ. நீள எல்லை உள்ள ஏரியில, படகில இருக்கிற மீன் அளக்கக்கூடிய மாதிரி முழுசா இருக்க வேணும். கொட்டேஜில வெட்டலாம். வீட்டுக்குக் கொண்டு வாற ஒவ்வொரு துண்டிலும் தோல் ஒரு பெரிய பத்தையா விட்டிருக்க வேணும், என்ன மீன் எண்டு அதிகாரிக்குத் தெரியிறதுக்கு. எண்ணக்கூடிய மாதிரியும் இருக்க வேணும். பத்துத் துண்டை ஒரே கட்டியா உறைய வைச்சால் எண்ண ஏலாது. ஒரு பையில ஒரு மீனின் ரெண்டு துண்டு, தட்டையா.

---

கரைவலை பதில்:

சமையல் பகுதி எனக்கு விடுங்கோ. பிக்கரல் சதை மென்மை, விளைமீன் மாதிரி உடையாமல் நிக்காது. குழம்பில போட்டுக் கிண்டினால் கரைஞ்சு போகும். புளியும் தேங்காய்ப்பாலும் கொதிச்சு முடிஞ்ச பிறகு துண்டைப் போட்டு, சட்டியைச் சுழட்டி விடுங்கோ, அகப்பை வேண்டாம், அஞ்சு நிமிசம் காணும். பொரிச்சால் அதைவிட நல்லம். பைக் ஒண்டு வந்தால் எறியாதீங்கோ, சதை இறுக்கம், குழம்புக்கு அதுதான் பொருத்தம். முதுகுப் பக்கம் ஒய் வடிவ முள்ளு ஒரு வரிசை இருக்கும், அதை எடுக்கத் தெரியாட்டில் பிள்ளைகளுக்குக் குடுக்க வேண்டாம்.

இன்னொண்டு. 46 செ.மீ. தாண்டின மீன் எண்டால் வயது கூடின மீன், அதில பாதரசம் சின்ன மீனைவிடக் கூட. மாகாணம் "ஒன்ராறியோ மீன் உண்ணும் வழிகாட்டி" எண்டு ஏரி வாரியா, மீனின் நீளம் வாரியா, மாசத்துக்கு எத்தனை தரம் சாப்பிடலாம் எண்டு போடுது. பொதுவான ஆக்களுக்கு ஒரு கணக்கு, பிள்ளைப்பேறு வயதுப் பெண்களுக்கும் 15 வயதுக்குக் கீழ உள்ளவைக்கும் வேற கணக்கு. உங்கட வீட்டில பிள்ளைகள் ரெண்டு பேரும் ரெண்டாவது கணக்கு. அவைக்குப் பேர்ச்சைக் குடுத்திட்டு பெரிய பிக்கரலை நீங்கள் சாப்பிடுங்கோ. 60 செ.மீ. தாண்டினதைப் படம் எடுத்திட்டு விடுங்கோ, அது முட்டை போடுற மீன்.

---

புதுத்தூண்டில் எழுதியது:

கடைசியா ஒண்டு. 14 அடிப் படகில நாலு பேர், அந்த ஏரியில பாதுகாப்போ? மனிற்றூ தீவுகள் வரை போகலாம் எண்டு கொட்டேஜ்காரர் சொன்னவர்.

---

மிதப்பு பதில்:

அந்தப் படகில நாலு பேரோட மனிற்றூ தீவுகளுக்குப் போகாதீங்கோ. அது ஏரி நடுவில. இது 870 சதுர கி.மீ. அளவு தண்ணி, ஆனால் ஆழம் இல்லை. ஆழமில்லாத பெரிய ஏரியில அலை கெதியா எழும்பும், ஒண்டோட ஒண்டு கிட்டக் கிட்ட, செங்குத்தா வரும். ஏரி கிழக்கு மேற்கா நீண்டு கிடக்கு. கலண்டர், நோர்த் பே ரெண்டும் கிழக்கு முனை. மேல்காத்து முழு ஏரியையும் தாண்டி உங்கட பக்கம்தான் வந்து அடிக்கும். போகேக்க முதுகில காத்து இருந்தால் தெரியாது, திரும்பேக்கதான் தெரியும். காத்து மணிக்கு 20 கி.மீ. தாண்டும் எண்டு முன்னறிவிப்பு சொன்னால் கலண்டர் விரிகுடாவுக்குள்ளேயே நில்லுங்கோ, உங்களுக்கு வேண்டிய சேத்து விளிம்பும் புல்லும் அங்கயே இருக்கு.

மோட்டர் ஓட்டுறவருக்கு உல்லாசப் படகு ஓட்டுநர் அட்டை வேணும். அது இல்லாட்டில் வாடகைப் படகுக்கான பாதுகாப்புப் பட்டியலைப் படகு தாறவரோட சேர்ந்து நிரப்பி, ரெண்டு பேரும் கையெழுத்து வைச்சு, படகில வைத்திருக்க வேணும். கொட்டேஜ்காரரிட்ட முதலே கேளுங்கோ, சிலர் இதைத் தெரியாமலே படகு குடுக்கினம்.

நாலு பேருக்கும் அவரவர் எடைக்குப் பொருந்தின உயிர்காப்பு அங்கி வேணும். பெரியாக்களின் அங்கி 9 வயதுப் பிள்ளைக்கு உதவாது, தண்ணியில விழுந்தால் தலைக்கு மேலால கழண்டு போகும். கொட்டேஜில சின்ன அளவு இருக்கும் எண்டு நம்பாமல் வீட்டில இருந்து கொண்டு போங்கோ. 15 மீட்டர் மிதக்கும் எறிகயிறு, தண்ணி இறைக்கிற வாளி, விசில், துடுப்பு. சூரியன் மறைஞ்ச பிறகு நிண்டால் படகு விளக்கு எரிய வேணும். படகின் பின்பக்கத்தில உள்ள கொள்ளளவுத் தகட்டைப் பாருங்கோ. நாலு பேர், எரிபொருள் தாங்கி, கூலர் எல்லாம் சேர்ந்து அந்த எடைக்குள்ள வருதோ எண்டு கூட்டிப் பார்க்க வேணும். வராட்டில் ரெண்டு ரெண்டு பேராப் போங்கோ.

பாறை: தண்ணிக்கு ஒரு அடி கீழ திட்டுகள் கனக்க இருக்கு, எல்லாத்துக்கும் மிதவை அடையாளம் இல்லை. தொலைபேசியில ஆழ வரைபடம் இறக்கி வைச்சு, புது இடத்துக்கு நடக்கிற வேகத்தில போங்கோ. புரொப்பெல்லருக்குரிய வெட்டுமுள் (பாறையில முட்டினால் தானே முறியிற சின்ன ஆணி) ஒண்டு ரெண்டும், அதைக் கழட்ட இடுக்கியும் மோட்டர்ப் பெட்டியில இருக்கோ எண்டு முதல் நாளே கேளுங்கோ. சில மோட்டருக்கு அது தேவையில்லை, ரப்பர் உள்வளையம் இருக்கும்.

படகை வேற ஏரிக்கு ஏத்திக்கொண்டு போறதெண்டால் அடி அடைப்பானைக் கழட்டித் தண்ணி முழுக்க வடிச்சு, புல்லுப் பூண்டு எல்லாம் எடுத்த பிறகுதான் றோட்டில ஏறலாம். அதுவும் 2022 இல் இருந்து சட்டம். கொட்டேஜ் துறையிலேயே நிக்கிற படகெண்டால் இந்தக் கரைச்சல் இல்லை. ஆனால் ராத்திரியில மோட்டரைச் சரிச்சு மேல தூக்கி வைச்சிட்டு, துறை விளக்கை அணைச்சுப்போட்டுப் படுங்கோ. எரிய விட்டால் காலமை படகு முழுக்க ஷாட்பிளையை அள்ளிக் கொட்டித்தான் வெளிக்கிட வேண்டி வரும்.